அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூர் வந்திருக்கிறீர்களா? மாநில வரியை முதலில் பாருங்கள்

கலிபோர்னியாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் கம்பெனி மாற்றலில் இங்கே வரும் நம் குடும்பங்கள் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சிங்கப்பூரில் வரி கட்டுகிறோம், அமெரிக்க மத்திய அரசுக்கும் கணக்குக் கொடுக்கிறோம். விட்டுவந்த மாநிலத்துக்கும் கட்ட வேண்டுமா?" பலருக்கு, ஆம், கட்ட வேண்டும். விமானம் ஏறிவிட்டதாலேயே மாநிலம் உங்களை விட்டுவிடாது.

இதை முடிவு செய்வது டொமிசைல், அதாவது எங்கே போனாலும் கடைசியில் திரும்புவதாக நீங்கள் நினைக்கும் நிரந்தர இருப்பிடம். அது ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கும். புதியது அமையும்வரை பழையது தொடரும். மூன்று வருட வேலைக்கு வந்து, முடிந்ததும் கலிபோர்னியாவின் சான் ஹோசே வீட்டுக்கே திரும்புவதாக இருந்தால் சிங்கப்பூர் உங்கள் டொமிசைல் ஆகாது. ஆகவே எந்த மாநிலத்துக்காரராக இருக்கப் போகிறீர்கள் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தீர்மானிப்பது நல்லது.

கலிபோர்னியாதான் மிகவும் கடினம். மத்திய வரியில் படிவம் 2555 மூலம் 2025ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை வெளிநாட்டுச் சம்பளத்தை விலக்கிக்கொள்ளலாம். கலிபோர்னியா இந்த விலக்கை ஏற்பதில்லை. சிங்கப்பூருக்குக் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ள விடாது. நடுத்தர மென்பொருள் சம்பளத்துக்கே 9.3 சதவீத அடுக்கு வந்துவிடும் என்பதால் தொகை சிறியதாக இருக்காது.

இதற்கு அந்த மாநிலமே ஒரு வழி வைத்திருக்கிறது. வேலை ஒப்பந்தத்தின்பேரில் தொடர்ந்து 546 நாட்களாவது கலிபோர்னியாவுக்கு வெளியே இருந்தால், டொமிசைல் அங்கேயே இருந்தாலும் வரிக்கு நீங்கள் வெளியாள்தான், அதாவது அங்கே வசிக்காதவர். உடன் வரும் கணவர் அல்லது மனைவிக்கும் இது பொருந்தும். ஒரு வரி ஆண்டில் திரும்பிப் போய்த் தங்கும் நாட்கள் மொத்தம் 45ஐத் தாண்டக் கூடாது. வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் போன்றவை எந்த ஆண்டிலும் 2,00,000 டாலரைத் தாண்டக் கூடாது. பல வருடங்களாகச் சேர்ந்த கம்பெனிப் பங்குகளை ஒரே ஆண்டில் விற்க நினைப்பவர்கள் இந்த வரம்பைக் கவனியுங்கள். வரியைத் தவிர்ப்பதே வெளியேறியதன் முக்கிய நோக்கமாக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது 546 நாட்கள் என்ற கணக்குதான். பதினான்காவது மாதம் கம்பெனி ஆட்குறைப்பு செய்து, நீங்கள் ஃப்ரீமான்ட்டுக்குத் திரும்பினால் பாதுகாப்பு போய்விடும். அந்த மாதங்களின் சம்பளம் முழுவதும் கலிபோர்னியாவின் வரிக்கு உட்படக்கூடும். ஒப்பந்தக் கடிதத்தில் காலம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

இன்னொரு வழி, வருமான வரி இல்லாத மாநிலத்துக்கு முதலில் குடிபெயர்ந்து, அங்கிருந்து வெளிநாடு செல்வது. டெக்சாஸ், ஃப்ளோரிடா, நெவாடா, டென்னசி, தெற்கு டகோட்டா, வயோமிங், அலாஸ்கா ஆகியவற்றில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. வாஷிங்டனிலும் கிடையாது, ஆனால் 2022 முதல் பெரிய மூலதன ஆதாயத்துக்கு அங்கே வரி உண்டு. உண்மையாகவே குடிபெயர்பவர்களுக்கு நான் டெக்சாஸைச் சொல்வேன், காரணம் உறவு. டாலஸ் பக்கம் பிளேனோவிலோ ஃப்ரிஸ்கோவிலோ அக்கா, அண்ணன் என்று யாராவது இருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். திரும்பும்போது அங்கேதான் போவோம் என்ற எண்ணம் உங்களுக்கு இயல்பாகவே இருக்கும்.

ஆனால் அக்கா வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அங்கே போய் வாழ வேண்டும். வீட்டுச் சாமான், கார் பதிவு, ஓட்டுநர் உரிமம், வங்கி முகவரி எல்லாம் அங்கே மாற வேண்டும். தெற்கு டகோட்டாவில் தபால் சேவை முகவரி எடுத்து, ஒரு இரவு விடுதியில் தங்கிய ரசீதைக் காட்டினால் உரிமம் கிடைக்கிறது என்பதைப் பார்த்து இதைச் சுலபம் என்று நினைக்கிறார்கள். அந்த உரிமம் ஒரு சான்று மட்டுமே. மனைவி, பிள்ளைகள், பூட்டி வைத்த வீடு எல்லாம் சான் ஹோசேயில் இருந்தால் கலிபோர்னியா அவற்றைத்தான் எடைபோடும். இந்தக் குறுக்குவழியைக் காசுக்கு விற்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு விதி எளிது: அங்கே நிரந்தர வீடு வைத்திருக்கக் கூடாது, வெளியே நிரந்தர வீடு இருக்க வேண்டும், ஆண்டில் 30 நாட்களுக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் நீங்கள் வெளியாள். எடிசன் வீட்டை அப்பா அம்மா வந்துபோகும்போது தங்கட்டும் என்று காலியாக வைத்திருக்காமல் முறையாக வாடகைக்கு விடுங்கள். வாடகை வருமானத்துக்கு அந்த மாநிலத்தில் வரி உண்டு, அது வேறு கணக்கு. நியூயார்க்கிலும் இதே போன்ற 30 நாள் விதி இருக்கிறது.

பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் வரியை மட்டும் பார்க்காதீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம் வேண்டுமென்றால் அங்கு வசித்ததைக் காட்ட வேண்டும். வரிக்கு வெளியாள், கட்டணத்துக்கு உள்ளூர் ஆள் என்ற நிலை எடுபடாது. அந்தக் கட்டண வித்தியாசத்தையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

குடியுரிமை உள்ளவர்கள் வாக்களிக்கப் பயப்பட வேண்டாம். வெளிநாட்டு வாக்காளராக மத்தியத் தேர்தலில் மட்டும் வாக்களிப்பதை வைத்து மாநிலம் வரி கேட்க முடியாது; மத்தியச் சட்டமே அப்படிச் சொல்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: மாநிலத்தில் வெளியாளாகக் கணக்குக் கொடுப்பது வேறு, மத்திய வரியில் அப்படிக் கொடுப்பது வேறு. பின்னது கார்டையே ஆபத்தில் தள்ளும். ஓராண்டுக்கு மேல் வெளியே இருப்பதானால், மறுநுழைவு அனுமதிக்கு அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

வெளியாள் ஆன பிறகும் ஆர்எஸ்யூ, அதாவது கம்பெனி ஊழியருக்கு வழங்கி, காலப்போக்கில் கைக்கு வரும் பங்குகள், உங்களைத் தொடரும். பங்கு வழங்கப்பட்ட நாளிலிருந்து கைக்கு வந்த நாள்வரை கலிபோர்னியாவில் வேலை செய்த நாட்களின் விகிதத்துக்கு அங்கே வரி உண்டு. கம்பெனி வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401-கே பற்றிக் கவலை வேண்டாம். வெளியாள் ஆனவரின் ஓய்வுக்காலப் பணத்துக்குப் பழைய மாநிலம் வரி போட 1996 முதல் மத்தியச் சட்டம் தடை விதித்திருக்கிறது.

புறப்பட்ட ஆண்டுக்குக் கலிபோர்னியாவில் வெளியாட்களுக்கும் ஆண்டின் ஒரு பகுதி மட்டும் வசித்தவர்களுக்குமான வரிக்கணக்குப் படிவம் 540என்ஆர் கட்டாயம் கொடுங்கள். கணக்குக் கொடுத்தால் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்குள் அவர்கள் கேள்வி கேட்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் அந்தக் காலக்கெடு தொடங்குவதே இல்லை, எத்தனை வருடம் கழித்தும் கடிதம் வரலாம். வீட்டு ஒப்பந்தம், விமான டிக்கெட், சிங்கப்பூர் வேலை அனுமதி நகல் ஆகியவற்றை அந்த ஆண்டுக் கணக்கோடு ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள்.