போன் நிறைய பார்க்குற பிள்ளைங்க எப்படி பழகுறாங்க, நீங்க நேர்ல பார்த்தத சொல்லுங்க

எல்கேஜி மிஸ், திருச்சி:
இந்த வருஷம் என் கிளாஸ்ல ஒரு பையன் இருக்கான். இங்கிலீஷ் ரைம்ஸ் எல்லாம் தப்பில்லாம பாடுவான், கலர் பேரு மொத்தமும் சொல்வான், ஆனா தண்ணி வேணும்னா வாய தொறந்து கேக்க மாட்டான், என் கைய புடிச்சு பாட்டில் கிட்ட இழுத்துட்டு போவான். பேர் சொல்லி கூப்பிட்டா திரும்ப மாட்டான், காது டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லா கேக்குது. அன்னைக்கு விளையாட்டு பீரியட்ல ஒரு பாப்பா விழுந்து முட்டி சிராய்ச்சு அழுவுது, மத்த பிள்ளைங்க எல்லாம் மிஸ் மிஸ்னு ஓடி வருதுங்க, இவன் அவள தாண்டி சறுக்குல ஏற போறான். கெட்ட பிள்ளை கிடையாதுங்க. அழுற மூஞ்சிய பார்த்தா என்ன செய்யணும்னு பழகவே இல்ல. அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்கு போறாங்க, பாட்டிக்கு மூட்டு வலி, எந்திரிச்சதுல இருந்து கையில போன்தான். அவங்கள குத்தம் சொல்ல மனசு வரல.

ஸ்பீச் தெரபிஸ்ட், கோவை:
இந்த மாதிரி பிள்ளைங்க எங்ககிட்ட நிறைய வர்றாங்க. குழந்தை "ஆ"ன்னா நாம "என்னடா கண்ணு"ன்னு திருப்பி பேசணும், அது சிரிச்சா நாமளும் சிரிக்கணும், அந்த குடுக்கல் வாங்கல்லதான் பேச்சும் வருது அடுத்தவங்க மனசு புரியுறதும் வருது. போன்ல வர்ற பொம்மை இவன் அழுதாலும் ஆடும் சிரிச்சாலும் ஆடும். 2003ல அமெரிக்கால பாட்ரிசியா குல்னு ஒரு ஆராய்ச்சியாளர் 9 மாச குழந்தைங்கள வச்சு பார்த்தாங்க, சீன மொழிக்காரங்க நேர்ல உக்காந்து பேசி விளையாடினப்போ குழந்தைங்க அந்த மொழியோட ஒலிய பிரிச்சு புடிச்சுகிட்டாங்க, அதையே டிவில போட்டப்போ ஒண்ணுமே ஏறல. ஆனா மிஸ், நீங்க சொல்றது ஆட்டிசமாவும் இருக்கலாம், கண்டிப்பா காட்டணும். போன் குடுத்துதான் வந்துச்சுன்னு அந்த அம்மாவ யாரும் வதைக்காதீங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில டிஇஐசின்னு இருக்கும், பிள்ளைங்க வளர்ச்சில உள்ள குறைய சீக்கிரமே கண்டுபிடிச்சு உதவுற மையம், இலவசமா பார்ப்பாங்க.

நெல்லை அத்தை:
எல்லாத்தையும் ஒண்ணா சேத்து சொல்லாதீங்கம்மா. எங்க அண்ணன் மவனுக்கு பொறந்ததுல இருந்தே காது கேக்காது. தெருவுல அவன்கூட சைகைல பேச ஒரு ஆளு கிடையாது, சாயங்காலம் வீடியோ கால்ல பழைய ஸ்கூல் கூட்டாளிங்ககூட கை ஆட்டி பேசி பேசி சிரிக்கான். அது இல்லன்னா பிள்ள தனியாத்தான் கெடக்கணும்.

ஸ்பீச் தெரபிஸ்ட், கோவை:
சரியா சொன்னீங்க அத்தை, அங்க எதிர்ல ஒரு ஆள் இருந்து பதில் சொல்றாங்கல்ல. இந்திய குழந்தை டாக்டர்கள் சங்கம்கூட 2 வயசுக்குள்ள திரையே வேண்டாம், எப்பவாவது சொந்தக்காரங்ககூட வீடியோ கால் மட்டும் பரவால்லன்னுதான் சொல்லுது. 2ல இருந்து 5 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல கூடாது.

எல்கேஜி மிஸ், திருச்சி:
பாட்டிகிட்ட பேசிட்டேன் மேடம், ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் கூட்டிட்டு போறாங்க. கிளாஸ்ல பந்து உருட்டுற விளையாட்டு வச்சேன், திருப்பி உருட்டுறான், ஆனா என்னைய பார்க்கவே மாட்டேங்குறான்.

ஸ்பீச் தெரபிஸ்ட், கோவை:
பாரு பாருன்னு கட்டாயப்படுத்தாதீங்க மிஸ். பந்த உங்க மூஞ்சிக்கு பக்கத்துல புடிச்சுட்டு கொஞ்சம் பொறுங்க, அவனா பார்த்ததும் உடனே உருட்டிருங்க. தண்ணி பாட்டிலயும் மூடி தொறக்காமயே குடுங்க, சின்னதா ஒரு சத்தம் வந்தாலும் போதும், தொறந்து குடுத்துருங்க.