அப்பாவை நர்சிங் ஹோம்ல விடணும் (பினாங்கு). உள்ள போய் எதைப் பாக்குறது?

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாதான் எழுதப்போறேன், பொறுத்துக்குங்க.

அப்பாவுக்கு 79 வயசு. ரெண்டு வருஷமா மறதி. மார்ச்சுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. இப்ப வாக்கர் பிடிச்சுப் பத்தடி நடப்பாரு, பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். எனக்கு பேக்டரியில 12 மணி நேர ஷிப்ட், மனைவியும் வேலைக்குப் போறா. ராத்திரிதான் பெரிய பிரச்சினை. அந்தக் காலத்துல பட்டர்வொர்த் துறைமுகத்துல வேலை பாத்தவரு. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, சாப்பாட்டுச் சட்டியைத் தேடி, "பெர்ரி போயிடும்டா"ன்னு கிரில் கதவைப் போட்டு ஆட்டுவாரு. போன மாசம் ஒரு நாள் கதவு பூட்டாம இருந்துச்சு. மெயின் ரோட்டுல பிடிச்சோம்.

ரெண்டு இடம் பாத்தாச்சு. ஒண்ணு தஞ்சோங் தொக்கோங் பக்கம் பெரிய பங்களா, மாசம் 3,200 வெள்ளி (ரிங்கிட்). வாசல்ல மீன் தொட்டி, ஹால்ல பியானோ. மேனேஜர் அம்மா எல்லாத்தையும் சுத்திக் காட்டினாங்க. இன்னொண்ணு ஜெலுத்தோங்ல மாடி வெச்ச பழைய வீடு, 2,100 வெள்ளி. பெயிண்ட் உரிஞ்சிருக்கு, ஹால்ல கஞ்சி வாசம். ரெண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "நல்லா பாத்துக்குவோம் லா, பயப்படாதீங்க."

என் கண்ணுக்குப் பங்களாதான் நல்லா இருக்கு. ஆனா அரை மணி நேரம் சுத்திப் பாத்து எதை வெச்சு முடிவு பண்றது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பென்ஷன் மிஸ்ஸி:

தம்பி, முதல்ல அந்த மீன் தொட்டியை மறந்துடு. அரசாங்க ஆஸ்பத்திரி வார்டுல மிஸ்ஸியா, அதாவது நர்ஸா, 34 வருஷம் நின்னவ நான். பென்ஷன் வாங்கின பிறகு ஒரு தனியார் இல்லத்துல நாலு வருஷம் ராத்திரி வேலையும் பாத்தேன். ஹாலைப் பாத்து முடிவு பண்ணாதே, உங்கப்பா ஹால்லயா படுக்கப் போறாரு?

நேரம் சொல்லிட்டுப் போகாதே. சாயங்காலம் ஏழு மணி வாக்குல போ. பகல் ஆளுங்க கிளம்பியிருப்பாங்க. நான் இருந்த இடத்துல பகல்ல அஞ்சு பேர். ராத்திரி நானும் ஒரு பர்மாக்காரப் பொண்ணும் மட்டும், 22 பெரியவங்களுக்கு. ஒருத்தர் கீழ விழுந்தா தூக்குறதுக்கே ரெண்டு பேரும் வேணும். மத்த 21 பேருக்கும் அந்த நேரம் சாமிதான் துணை. அதனால "ராத்திரி எத்தனை ஸ்டாப்"னு கேக்காதே. "பத்து மணிக்கு மேல எத்தனை பேர் முழிச்சிருப்பாங்க"ன்னு கேளு. அங்கேயே படுத்துத் தூங்குற சமையல்காரம்மாவையும் கணக்குல சேத்துச் சொல்லுவாங்க.

அப்புறம் அங்க ஏற்கெனவே இருக்கிறவங்க உடம்பைப் பாரு. நகத்துக்கடியில அழுக்கு, கண்ணோரம் பீளை, ஆம்பளைங்க முகத்துல நாலு நாள் தாடி, வெடிச்ச உதடு. தண்ணி கிளாஸ் எங்க இருக்குன்னு பாரு. மூடி போட்டு அழகா வெச்சிருப்பாங்க, கட்டில்ல இருக்கிறவர் கைக்கு எட்டாது. மணிக்கட்டுல துணி கட்டின தடம் தெரியுதான்னும் ஒரு பார்வை பாத்துக்க. காலையில பதினோரு மணிக்கு ஹாலே தூங்குதுன்னா, என்ன மருந்து குடுக்கிறீங்கன்னு கேளு. மறதி நோய்க்காரங்க ராத்திரி எழுந்து நடக்கக் கூடாதுன்னு மனநோய் மாத்திரை குடுத்து அமுக்கிற இடம் உண்டு. அந்த வகை மாத்திரை வயசான மறதி நோய்க்காரங்களுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும். உங்கப்பா நாலு மணிக்கு எழுந்துக்கிறவரு, அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன். "இப்படி ராத்திரி நடக்கிறவரை என்ன செய்வீங்க"ன்னு ரெண்டு இடத்துலயும் கேட்டுப் பாரு. பதில்லயே பாதி தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, படுக்கைப் புண். இது எங்க வார்டுலயே தப்பா நடக்கும். முதல் கட்டத்துல தோல் சிவக்கும், விரலால அமுக்கினா வெளுக்காது, அப்படித்தான் எங்களுக்குப் பாடம். அது வெள்ளைத் தோலுக்கு எழுதின பாடம். நம்ம கருப்புத் தோல்ல சிவப்பு எங்க தெரியும்? சுத்தி இருக்கிற இடத்தைவிடக் கருத்து, கொஞ்சம் ஊதா ஓடியிருக்கும். புறங்கையை வெச்சுப் பாத்தா சூடா இருக்கும், இல்லன்னா சில்லுனு இருக்கும். தொட்டா கல்லு மாதிரி, இல்ல அழுகின தக்காளி மாதிரி. வால் எலும்பு, இடுப்போரம், குதிகால், இந்த மூணு இடத்தையும் வாராவாரம் நீயே பாக்கணும். பாக்க விடலைன்னா அன்னிக்கே கூட்டிட்டு வந்துடு.

எடையையும் எழுதி வெச்சுக்க. 54 கிலோ ஆள் ஒரு மாசத்துல 2.7 கிலோ குறைஞ்சா அது நூத்துக்கு அஞ்சு. டாக்டர்கிட்ட காட்டணும். "வயசாச்சு லா"ன்னு சொன்னா ஒத்துக்காதே.

கம்பத்துக்காரன்:

பெத்தவங்களைக் கூலிக்கு விட்டுட்டு மீன் தொட்டி பாத்துக்கிட்டு இருக்கீங்க. நம்ம அப்பா அம்மா காலத்துல எஸ்டேட் லயத்துல பத்து பேர் ஒண்ணா இருந்து பாட்டியைப் பாத்துக்கலையா?

பென்ஷன் மிஸ்ஸி:

அந்தப் பத்து பேர்ல ராத்திரி முழிச்சவ யாருன்னு கேட்டுப் பாருங்க அண்ணே. எங்கம்மா. கடைசி வரைக்கும் இடுப்பு வலியோட இருந்தா. தம்பி கேட்டதுக்குப் பதில் இருந்தா சொல்லுங்க.

செந்தூல் வாசி:

நான் கோலாலம்பூர். என் மாமாவை இங்கே ஓர் இல்லத்தில் சேர்த்தபோது அலைந்து தெரிந்துகொண்டது.

வெளியே போர்டில் என்ன பேர் வேண்டுமானாலும் போடுவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் பத்திரத்தைப் படியுங்கள். 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டம் (சட்டம் 506) என்றால் அது சமூகநல இலாகாவில் பதிந்த 'புசாட் ஜாகாஆன்'. நாலு பேரோ அதற்கு மேலோ தங்க வைத்தாலே பதிவு கட்டாயம். 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் (சட்டம் 586) என்றால் சுகாதார அமைச்சு உரிமம் கொடுத்த நர்சிங் ஹோம். இரண்டும் ஒன்றல்ல. மூக்கில் குழாய், புண்ணுக்கு மருந்து கட்டுதல், இன்சுலின் என்று போனால் பதிவு பெற்ற தாதி யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று பேர் கேளுங்கள். நீல யூனிபார்ம் போட்டவர் எல்லாம் மிஸ்ஸி ஆகிவிட மாட்டார். பத்திரத்தில் காலாவதித் தேதியையும், எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் பார்த்துவிட்டுக் கட்டில்களை எண்ணுங்கள். நான் எண்ணினேன். அனுமதி 15, கட்டில் 21. அந்த இல்லத்துக்கு நான் திரும்பப் போகவில்லை.

அடுத்து போம்பா, அதாவது தீயணைப்பு விஷயம். நம் லிங்க் ஹவுஸ் (வரிசை வீடு) எல்லாம் கிரில்லும் பூட்டும்தான். உங்கள் அப்பா மாதிரி வெளியே போகிறவர்களுக்காகப் பூட்டுவார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. சாவி ராத்திரி யார் இடுப்பில் இருக்கிறது, பின்கதவு திறக்குமா, அதைக் கேளுங்கள். படுத்த படுக்கையானவர்களை லிப்ட் இல்லாத வீட்டில் மாடியில் வைத்திருந்தால் வேறு எதுவும் கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

புகார் என்று வந்தால் 'தாலியான் காசிஹ்' உதவி எண் 15999, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

மேரு மருமகள்:

என் மாமியார் ஒரு இல்லத்துல ஏழு மாசம் இருந்தாங்க, எங்கன்னு சொல்ல வேண்டாம். போகும்போதெல்லாம் பவுடர் வாசம், தலை வாரி, பொட்டு வெச்சு உக்கார வெச்சிருப்பாங்க. நாங்களும் சந்தோஷமா மைலோ குடுத்துட்டு வந்துடுவோம். அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்னிக்கு, டாக்டர் திருப்பிப் படுக்க வெச்சப்பதான் முதுகுக்குக் கீழ பாத்தேன். என் உள்ளங்கை அளவு. பவுடர் எதுக்குன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் நான் ஒரு வேலை பழகிக்கிட்டேன். இப்ப எங்கம்மா இருக்கிற இடத்துல காலையில போனா பேம்பர்ஸ் ஓரத்துல பேனாவால சின்னப் புள்ளி வெச்சிடுவேன். சாயங்காலம் தம்பி போய்ப் பாப்பான். புள்ளி இருந்தா மாத்தலைன்னு அர்த்தம். நேத்தும் புள்ளி இல்ல, இந்த இடம் பரவாயில்ல.

இன்னொண்ணு. மறதி முத்தினா மலாய், இங்கிலீஷ் எல்லாம் போயிடும், தமிழ் மட்டும்தான் நிக்கும். பாத்துக்கிறது மேடான் (இந்தோனேசியா) பொண்ணு, இல்ல பர்மாக்காரன். அவங்களுக்கு 'வலி'ன்னா என்ன தெரியும்? ஒரு அட்டையில பத்து வார்த்தை எழுதிக் கட்டில் தலைமாட்டுல ஒட்டுங்க. வலின்னா சாக்கிட், தண்ணின்னா ஆயர், ஒண்ணுக்குன்னா கென்சிங். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாருன்னும் அதுலயே எழுதிடுங்க.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வர்றேன்.

மிஸ்ஸி அக்கா சொன்ன மாதிரி சொல்லாமப் போனேன். பங்களாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, லஞ்சுக்கு அப்புறம். வேலைக்காரப் பொண்ணு யாரையோ கூப்பிட உள்ள போயிட்டா, நான் பின்பக்க ரூம்ல தனியா நின்னேன். ஒரு சீனக் கிழவர் சுவரைப் பாத்துப் படுத்திருக்காரு. கால்மாட்டுல அட்டை மாட்டியிருக்கு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டதுக்கு டிக். எல்லா டிக்கும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. கடைசி டிக் நாலு மணிக் கட்டத்துல. என் கைக்கடிகாரத்துல மணி ரெண்டு பத்து.

மேனேஜர் அம்மா வந்தாங்க. அந்த அட்டையைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. வர்ற வழியில பியானோவைத் திறந்து பாத்தேன். உள்ள பழைய நியூஸ்பேப்பர் கட்டு.

ஜெலுத்தோங்க்கு ராத்திரி ஏழரைக்குப் போனேன். அந்தம்மாவுக்குப் பிடிக்கல, முகத்துலயே தெரிஞ்சுது. ஆனா உள்ள விட்டாங்க. 14 பேர், ராத்திரிக்கு ரெண்டு பேர், மாடியில நடக்கிறவங்க மட்டும். ஒரு மேடான் அக்கா ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. பாட்டியை நிமித்தி உக்கார வெச்சு, ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முழுங்கிட்டாங்களான்னு பாத்து. நான் நின்ன நேரத்துல பாதிக் கிண்ணம்தான் காலியாச்சு. நாலு மணிக்கு எழுந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். அந்தம்மா யோசிச்சாங்க. "தெரியல. நடக்க விடுவோம், கூட ஒரு ஆள் நடப்பாங்க"ன்னாங்க. பங்களாவுல இதே கேள்விக்கு "டோன்ட் வொரி, நாங்க செட்டில் பண்ணிடுவோம்"னு சொன்னது ஞாபகம் வந்துச்சு.

குறை இல்லாம இல்ல. பின்கதவுப் பூட்டு துருப்பிடிச்சிருந்துச்சு. செந்தூல் அண்ணன் பதிவைப் படிச்சுக் காட்டினேன், மாத்திட்டாங்க. மருந்து எழுதுற நோட்டு கோழிக்கால் கையெழுத்து. சேத்து இன்னியோட ஒன்பது நாள். எடை 54.2 எழுதி வெச்சிருக்கேன். அட்டையும் ஒட்டியாச்சு, பத்து வார்த்தையோட பதினோராவதா 'பெர்ரி'யும் சேத்தேன். அந்த மேடான் அக்கா நாலு மணிக்கு "பெரி பெலும் சம்பாய், பாக்"னு சொல்லுவாங்களாம். பெர்ரி இன்னும் வரலைன்னா சரி, அப்பா திரும்பிப் போய்க் கட்டில்ல உக்காந்துக்கிறாராம்.

மிஸ்ஸி அக்கா, ஒரு கேள்வி. நேத்து இடது குதிகாலைப் பாத்தேன். பின்பக்கம் ஒரு இருபது காசு அளவுக்குக் கருப்பா இருக்கு. வலிக்குதான்னா இல்லைங்கறாரு. இது அதுவா, பழைய காய்ப்பா?

பென்ஷன் மிஸ்ஸி:

புறங்கையை வெச்சுப் பாத்தியா? வலது குதிகாலோட ஒத்துப் பாரு, சூடு வித்தியாசமா இருக்கா, அமுக்கினா மெத்துனு இருக்கா. எதுவா இருந்தாலும் இன்னிக்கே அந்தம்மாகிட்ட காட்டு, நோட்டுல தேதி போட்டு எழுதச் சொல்லு. போட்டோ எடுத்து வெச்சுக்க, பக்கத்துல இருபது காசு ஒண்ணை வெச்சு எடு, நாளைக்குப் பெருசாச்சான்னு தெரியும். தேய்க்காதே, எண்ணெய் போட்டு நீவி விடாதே. தலையணையைக் கெண்டைக்காலுக்கு நீளவாக்குல குடு, குதிகால் மெத்தையில படாம அந்தரத்துல நிக்கணும். ஒரு காகிதத்தைக் குதிகாலுக்கு அடியில விட்டு இழுத்துப் பாரு, தடங்காம வரணும். நாளைக்குக் கிளினிக்குக் கூட்டிட்டுப் போ. போட்டோவை எனக்கும் அனுப்பு.