அம்மாவுக்குப் பல் புடுங்கணும்: கிளினிக் சுத்தமா இருக்கான்னு எப்படிக் கேட்கிறது?

பாலாறு:
ஆம்பூர்ல இருக்கோம். அம்மாவுக்குக் கீழ் கடவாய்ப்பல் ரெண்டு ஆடுது, புடுங்கணும்னு சொல்லிட்டாங்க. சுகர் வேற இருக்கு. 2023ல வாணியம்பாடி பல் கிளினிக் ஒண்ணுல 10 பேருக்குத் தொற்று வந்து 8 பேர் இறந்தது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அம்மா "வலியோடவே இருந்துட்டுப் போறேன்"ங்கிறாங்க. நாங்க பார்த்து வச்சிருக்கிற இடம் ஏசி, டைல்ஸ்னு பளபளன்னு இருக்கு. அது போதுமா? டாக்டர்கிட்ட கேட்டா கோவிச்சுக்குவாரோ?

வெட்டி ஆபீசர்:
ஃபீஸ் ஜாஸ்தி வாங்குற இடமா பார்த்துப் போங்க ப்ரோ. சுத்தமாத்தான் இருக்கும்.

செல்வி:
ஃபீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தம்பி, நான் வேலூர் பக்கம் பல் கிளினிக்ல அசிஸ்டென்ட். கருவி கழுவி ஆட்டோகிளேவ்ல, அதாவது நீராவியில கிருமியைக் கொல்லுற மெஷின்ல, போடுறது என் வேலை. டைல்ஸ் துடைக்கிறது வேற அக்கா.

வாணியம்பாடி விஷயத்தை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி, மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் ஆட்கள் ஆராய்ஞ்சு 2025ல வெளியிட்டாங்க. புண்ணைக் கழுவுற சலைன், அதாவது உப்புத் தண்ணி, இருந்த பாட்டிலாலதான் சிக்கல். ஈறை விலக்குற எலிவேட்டர்ங்கிற கருவியை ஸ்டெரைல் பண்ணாம (கிருமி நீக்காம), அதாலயே பாட்டிலைத் திறந்திருக்காங்க. மிச்ச சலைனைச் சரியா மூடாம வச்சு அடுத்த ஆளுக்கும் பயன்படுத்தியிருக்காங்க. தொத்துனது மெலியாய்டோசிஸ்ங்கிற நோயோட கிருமி, மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கும். சுகர் உள்ளவங்களைச் சுலபமாப் பிடிக்கும். அதனால உங்க அம்மாவுக்கு முதல்ல பார்க்க வேண்டியது அந்த பாட்டிலைத்தான். கண் முன்னாடி புதுசா திறக்கச் சொல்லுங்க. 100 மில்லி சின்ன பாட்டில் மெடிக்கல்ல கிடைக்கும், நீங்களே வாங்கிட்டுப் போனாலும் சரி.

அப்புறம் பவுச், அதாவது கருவியைப் போட்டு ஒட்டி வைக்கிற கவர். ஒரு பக்கம் பேப்பர், ஒரு பக்கம் பிளாஸ்டிக். அம்மா சேர்ல உட்கார்ந்த பிறகுதான் கிழிக்கணும். அதுல ஒரு கலர் அடையாளம் இருக்கும், ஆட்டோகிளேவுக்குள்ள போய் வந்தா நிறம் மாறும். மாறியிருந்தா உள்ள போய் வந்ததுன்னுதான் அர்த்தம், கிருமி செத்துச்சான்னு தெரிய ஸ்போர் டெஸ்ட் வைக்கணும். ஸ்போர்னா சுலபத்துல சாகாத, விதை மாதிரி கெட்டியான கிருமி. நாங்க வாரத்துக்கு ஒண்ணு வச்சு ரிஜிஸ்டர்ல எழுதுறோம். யாரும் காட்டுன்னு கேட்டதில்ல, கேட்டா சந்தோஷமா காட்டுவேன்!

"கொதிக்க வச்சு எடுத்தோம்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க. கொதிக்கிற தண்ணிக்கு 100 டிகிரி, அதுல ஸ்போர் சாகாது. அழுத்தத்தோட நீராவி, 121 டிகிரியில குறைஞ்சது 15 நிமிஷமாவது நிக்கணும். டிரில் மாட்டுற ஹேண்ட்பீஸும் அதுக்குள்ள போகணும். அதைத்தான் நிறைய இடத்துல ஸ்பிரிட்ல துடைச்சு விட்டுடுவாங்க, ஏன்னா நாலஞ்சு வாங்கி வைக்கணும், காசு.

டாக்டர்கிட்ட கேட்கக் கூச்சமா இருந்தா எங்களை மாதிரி ஆள்கிட்ட "அக்கா, கவரை எங்க முன்னாடி பிரிங்க"ன்னு சொல்லுங்க. அது போதும்.

கடவாய்:
பல் மருத்துவர்தான் நான். செல்வி சொன்னதில் சலைன் வாங்கிப் போவது மட்டும் எனக்கு ஒப்பாது. மூடியைத் திறப்பது கிளினிக்காரர்தானே, நீங்கள் வாங்கிக் கொடுத்து என்ன பயன்? கண் முன்னால் திறப்பதுதான் முக்கியம். மரத்துப்போக ஊசி போடும்போதும் கவனியுங்கள். மருந்து பலருக்கும் பொதுவான 30 மில்லி பாட்டிலில் இருக்கலாம், ஆனால் சிரிஞ்சும் ஊசியும் புதியதாக இருக்க வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி அந்த பாட்டிலுக்குள் திரும்பப் போகக் கூடாது.

அம்மா காலையில் சாப்பிட்டு, சுகர் மாத்திரையும் போட்டுக்கொண்டு வரட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், சீட்டைக் காட்டுங்கள். இதையெல்லாம் கேட்டதற்குக் கோபிக்கிற டாக்டர் என்றால் வேறு இடம் பாருங்கள்.

பாலாறு:
நன்றி அக்கா, நன்றி டாக்டர். அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "கவரை நானே பிரிக்கச் சொல்றேன்"னாங்க.

செல்வி:
சொல்லட்டும் தம்பி. புடுங்கினப்புறம் காய்ச்சல், தலைவலி, முகத்துல வீக்கம், பேச்சு குழறுறதுன்னு எது வந்தாலும் வீட்ல மாத்திரை போட்டுக்கிட்டு உட்காராதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பல் புடுங்கினதையும் மறக்காம சொல்லுங்க.