கோபி பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறோம்: வடிவமைப்பாளர் வருவதற்கு முன் எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

தோட்டத்து வீடு (கோபிசெட்டிபாளையம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோபிக்கு அருகில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீடு என் கணவரின் அப்பாரு (தாத்தா) காலத்தில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் கட்டியது. ஒன்றரை அடி கனமான சுவர், மங்களூர் ஓடு, முன்னால் ஆசாரம் (முன்கூடம்), உள்ளே இரண்டு அறைகள், தனியாக விறகடுப்புச் சமையலறை, பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) குளியலறை என்று மொத்தம் பதினான்கு சதுரம் (1,400 சதுர அடி) வரும். மாமாவும் அத்தையும் அங்கேயே இருக்கிறார்கள். நாங்கள் கோவையில் இருந்தாலும், மாமாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டதால் அடுத்த ஆண்டு ஊருக்கே திரும்பிவிட முடிவு செய்திருக்கிறோம்.

அறையோடு சேர்ந்த குளியலறை ஒன்று, புதிய சமையலறை, கூரை சீரமைப்பு ஆகிய மூன்றும் எங்கள் தேவை. கையில் 18 லட்சம் ரூபாய் இருக்கிறது. கோவையிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் இன்னும் இரண்டு வாரத்தில் முதல் முறையாக வீட்டைப் பார்க்க வருகிறார். அவருக்குக் காட்டுவதற்காக நான் செல்பேசியில் முந்நூறு படங்களுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள்ளேயே இன்னும் பேச்சு ஒன்றுபடவில்லை. ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறார் என் கணவர், ஆசாரத்தில் கை வைக்கவே கூடாது என்கிறார் மாமா, பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார் எதற்கும் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்கிறார். வீட்டில் அவருக்கும் பாதிப் பங்கு உண்டு.

வடிவமைப்பாளர் வருவதற்கு முன் நாங்கள் எதைத் தயார் செய்து வைத்தால் அந்த ஒரு நாள் வீணாகாமல் இருக்கும்? பட்ஜெட்டை அவரிடம் உள்ளபடி சொல்லலாமா, அல்லது குறைத்துச் சொல்வதுதான் நல்லதா?

மட்டப்பலகை (ஈரோடு) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் முந்நூறு படங்களைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, முதலில் அந்த வீட்டைப் பற்றி நீங்களே எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வடிவமைப்பாளர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். அந்தச் சுவர் எந்த மாதத்தில் எவ்வளவு உயரம் ஈரம் ஏறும் என்பது உங்கள் அத்தைக்குத்தான் தெரியும்.

ஈரத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாய்க்காலில் ஆகஸ்டு நடுவில் தண்ணீர் திறந்தால் அந்தப் பகுதிக் கிணறுகளின் மட்டம் ஏறும், அதன்மேல் ஐப்பசி மழையும் சேரும்போது பழைய அடித்தளம் நீரை உறிஞ்சிச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம் காட்டும். வடிவமைப்பாளர் கோடையில் வந்தால் சுவர் காய்ந்து நல்ல பிள்ளையாக நிற்கும். ஆகவே ஓதம் ஏறிய இடங்களில் எல்லாம் இப்போதே கரித்துண்டால் கோடு போட்டு, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஓதம் ஏறும் பழைய சுண்ணாம்புச் சுவரின் மீது சிமெண்டுப் பூச்சு பூசினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, ஓரிரு ஆண்டுகளில் உப்புப் பூத்துப் பூச்சு பெயர்ந்துவிடும். அந்த இடங்களில் சுண்ணாம்புப் பூச்சுதான் ஏற்றது என்பது என் கருத்து. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிதாகிவிட்டதால், இப்போதே விசாரித்து வைப்பது நல்லது.

அடுத்தது கான்கிரீட் கூரை. மங்களூர் ஓடும் அதைத் தாங்கும் ரீப்பர் மரச்சட்டமும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோதான் வரும். ஐந்து அங்குல கான்கிரீட் தளமோ 300 கிலோவைத் தாண்டும், அதன்மேல் தட்டு ஓடு பதித்தால் இன்னும் கூடும். உங்கள் சுவர் செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டியதா, சுண்ணாம்புச் சாந்திலா, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் தெரியாமல் அந்தச் சுமையை ஏற்றுவது பற்றிப் பேசுவதே தவறு. சுவரோரம் ஓர் இடத்தில் இரண்டடி அகலத்துக்குக் குழி தோண்டி அடித்தளத்தைத் திறந்து வைத்து, ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அவருக்கு நீங்கள் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய், உங்கள் கணவருக்கும் மாமாவுக்கும் இடையே நடக்கும் விவாதத்தை ஒரே நாளில் முடித்துவைக்கும்.

காகிதங்களையும் ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம் ஆகியவை தேவைப்படும். பூச்சு, தரை, வெள்ளையடிப்பு போன்ற பழுதுபார்ப்பு ஒரு வகை, புதிதாக அறையோ குளியலறையோ சேர்த்துப் பரப்பைக் கூட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதற்குக் கட்டட அனுமதி பெற வேண்டும் என்பதால் ஊராட்சி அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். கொழுந்தனாரிடம் வாய்மொழிச் சம்மதத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு 18 லட்சத்தைச் செலவு செய்யாதீர்கள். இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஊசிநூல் (திருப்பூர்) எழுதியது:

அக்கா, ஐயா வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வீட்டில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

எங்கள் வடிவமைப்பாளர் முதல் சந்திப்பில் "உங்களுக்கு எப்படி வேண்டும்?" என்று கேட்டார். நானும் உங்களைப் போலவே படங்களைக் காட்டினேன். படத்தில் இருந்தது போலவே, கூடத்தைப் பார்த்த திறந்த சமையலறை ஒன்றை அவர் மிக அழகாகச் செய்து கொடுத்தார். ஆனால் நாங்கள் வாரத்தில் மூன்று நாள் அரிசியும் பருப்பும் சாதத்துக்குத் தாளிப்பவர்கள், மிளகாய் வறுத்தால் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இருமுகிறார்கள். கிரைண்டருக்கு என்று யாரும் இடம் ஒதுக்கவில்லை. நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கோவையில் செய்த கிரைண்டர் இல்லாத வீடு நம் பக்கத்தில் ஏது? இன்றைக்கும் அது எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இடத்தில்தான் நிற்கிறது, மாவு ஆட்டும் நாளில் அரிசியைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போகிறேன்.

அதனால் ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், முதலில் எந்தக் கதவைத் திறக்கிறார்கள், பால்காரர் எந்தப் பக்கம் வருகிறார், ஈரத்துணி எங்கே காய்கிறது, அத்தை காய் அரியும்போது தரையில் உட்காருகிறாரா நின்றுகொண்டா, பத்திரிகை வைக்க வருபவர்களை எங்கே உட்கார வைக்கிறீர்கள், குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு உறவினர்கள் வந்தால் அண்டாவை எந்த அடுப்பில் ஏற்றுகிறீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். நீங்கள் கோவையில் இருப்பதால் உங்கள் நினைவிலிருந்து எழுத வேண்டாம், அங்கே போய் இருந்து பார்த்து எழுதுங்கள்.

படங்களை அழிக்கவும் வேண்டாம். முந்நூற்றில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அதில் எது பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்குப் பிடித்ததாக நான் காட்டிய படங்களில் பாதி, ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்துக்காகப் பிடித்தவை என்பது வீடு முடிந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

மர வேலையில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். எங்களுக்கு "சதுர அடிக்கு இவ்வளவு" என்று மொத்தமாக விலை சொன்னார்கள், எந்தப் பலகை என்று எழுத்தில் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த பலகை ஒரே ஆண்டில் ஊறி உப்பிவிட்டது. தண்ணீர் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரத்துப் பிளைவுட், மற்ற இடங்களுக்கு ஐஎஸ் 303 தரத்தில் ஈரம் தாங்கும் வகை என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள், வேலை நடக்கும்போது பலகையில் இருக்கும் முத்திரையையும் பாருங்கள்.

உளிச்சத்தம் (காங்கேயம்) எழுதியது:

நான் மரவேலை செய்பவன், சுருக்கமாக ஒன்றைச் சொல்கிறேன். பழைய ஓட்டையும் கதவு நிலவுகளையும் (நிலைச் சட்டங்களையும்) யாருக்கும் மொத்தமாக விலை பேசிக் கொடுத்துவிடாதீர்கள். வடிவமைப்பாளர் வரும் முன் ஒவ்வொரு கதவையும், தூணையும், விட்டத்தையும் எண்ணி, அளவெடுத்து, எண் எழுதிப் பட்டியலாக வையுங்கள். ஓட்டில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனி முத்திரை இருக்கும், அதையும் படம் எடுங்கள். ஒரு கம்பெனி ஓட்டின் வாய் இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகக் கவ்வாது, இடையில் ஒழுகும். பிரித்து அடுக்கும்போது சில ஓடுகள் உடையத்தான் செய்யும் என்பதால், அதே முத்திரை ஓட்டைப் பழைய சாமான் கடைகளில் இப்போதே தேடி வாங்கிவிடுங்கள். கழற்றிய மரத்தை மண்ணில் போடாமல் கல்லின் மீது அடுக்குங்கள், இல்லாவிட்டால் கரையான் பார்த்துக்கொள்ளும்.

தோட்டத்து வீடு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நோட்டுப் புத்தகம் போட்டாயிற்று. பட்ஜெட் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. கூடவே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கூரை வேலைக்கு மழையில்லாத தை, மாசிதான் ஏற்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்கோ அப்போதுதான் மஞ்சள் வெட்டி, வேகவைத்துக் களத்தில் காயப்போடும் நேரம். களம் வீட்டு வாசலை ஒட்டியே இருக்கிறது.

வரைபலகை (கோவை) எழுதியது:

நான் உள் அலங்கார வடிவமைப்புத் துறையில் இருப்பவள். எதிர்த்தரப்பிலிருந்து பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டைச் சொல்லிவிடுங்கள். தொகை தெரியாமல் வரையப்படும் வரைபடம் யாருடைய வீட்டுக்கோ வரைந்ததாகத்தான் இருக்கும், பிறகு அதை வெட்டிக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது நீங்கள் மிகவும் விரும்பியதாகவே இருக்கும். ஆனால் 18 லட்சத்தையும் சொல்ல வேண்டாம், 15 என்று சொல்லுங்கள். மீதி மூன்றைப் பொய்யாக மறைப்பதாக எண்ண வேண்டாம். பழைய வீட்டில் ஓட்டைப் பிரித்த பிறகுதான் எந்த விட்டம் உளுத்திருக்கிறது என்று தெரியும், அந்தச் செலவுக்கு அது வேண்டும். கட்டணம், வரி இரண்டும் அந்தப் பதினைந்துக்குள்ளா வெளியிலா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். பதிவு பெற்றவராக இருந்தால் வடிவமைப்புக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி வரும்.

வருகிறவர் ஆர்க்கிடெக்ட் என்று தம்மைச் சொல்லிக்கொண்டால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. என்னைப் போன்ற உள் அலங்காரக்காரர்களுக்கு அப்படியொரு சட்டப் பதிவு கிடையாது. அதனால் எங்களிடம் முடித்த வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள், அதிலும் முடித்து மூன்று ஆண்டு ஆன வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். கட்டணம் சதுர அடிக் கணக்கா, மொத்தச் செலவில் விழுக்காடா, எத்தனை முறை நேரில் வருவார், பொருளை அவர் வாங்கினால் கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடி யாருக்குப் போகும் என்பவற்றைக் கேட்க நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம், நாங்கள் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்துத்தான் வருகிறோம். அளவு வரைபடம் எடுப்பது எங்கள் வேலை, அதற்காக நீங்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

வாஸ்து பார்ப்பவர்களாக இருந்தால், பார்ப்பவரை வரைபடத்துக்கு முன்னால் அழைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்து குளியலறைக் குழாய் பதித்த பிறகு அவர் வந்து நின்றால் எங்களுக்கு ஏற்படும் வேதனையை இங்கே எழுத முடியாது.

மஞ்சள் விஷயத்தில் நீங்கள் தயங்குவது சரிதான். சிமெண்டுத் தூசி படிந்த மஞ்சளை எந்த வியாபாரியும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வரைபடம், பொருள் தேர்வு, விலைப்பட்டியல் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். தையில் களத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பொடக்காளியில் குழாய், கழிவுநீர்த் தொட்டி வேலைகளை மட்டும் தொடங்கலாம். மூட்டைகள் வீட்டைவிட்டுப் போன பிறகு, பங்குனியில் ஓட்டைப் பிரித்து, பாதிக் கூரையாக எடுத்து முடியுங்கள். சித்திரையில் கோடை மழை ஓரிரு முறை வரும் என்பதால் நல்ல தார்ப்பாய் இரண்டு கைவசம் இருக்கட்டும். எப்படியும் ஆடிக் காற்றுக்கு முன் ஓடு முழுதும் மேலே ஏறியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் எல்லோரும் பேசலாம், ஆனால் எங்களிடம் முடிவைச் சொல்பவர் ஒருவராக இருக்க வேண்டும். அது யார் என்பதை நாங்கள் வருவதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

தோட்டத்து வீடு எழுதியது:

பத்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கட்டமைப்புப் பொறியாளர் வந்து குழியைப் பார்த்தார், மண் சாந்துச் சுவர் என்பதால் கான்கிரீட் பேச்சு அதோடு முடிந்தது. கொழுந்தனார் அடுத்த வாரம் நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறார். வடிவமைப்பாளரிடம் நான்தான் பேசுவது என்றும் முடிவாகிவிட்டது, அத்தைதான் அதைச் சொன்னார்.

நோட்டுப் புத்தகத்தில் நாங்கள் யாருமே எதிர்பார்க்காத ஒன்று வெளிவந்தது. மாமா கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தம் அறையில் படுப்பதே இல்லையாம். அந்த அறையின் நிலவுப்படி உயரமாக இருப்பதால் இரவில் காலைத் தூக்கி வைக்க முடியாமல், ஆசாரத்துக் கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறார். ஆசாரத்தில் கை வைக்கக் கூடாது என்று அவர் சொன்னதன் காரணம் இதுதான் என்று அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களோ அந்த அறைக்குத்தான் குளியலறை சேர்க்கத் திட்டமிட்டிருந்தோம். இப்போது ஆசாரத்தின் மேற்குச் சுவரில் ஒரு வாசல் திறந்து, படியே இல்லாமல் அந்தப் பக்கம் குளியலறை கட்ட முடியுமா என்பதே எங்கள் முதல் கேள்வி. அந்தச் சுவரில் ஓதம் ஏறிய இடத்துக்குக் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன், தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி வருகிறது. மட்டப்பலகை ஐயா, அந்த உயரத்துக்கு ஓதம் ஏறும் சுவரில் வாசல் திறக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.