சூடானால் நிற்கும் சி70: நின்ற இடத்திலேயே பார்த்தது

சூடேறினால் நின்றுவிடும், ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பழைய கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) வாங்கிச் சீர்படுத்தத் தொடங்குகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்தக் கோளாறுதான் என்று நினைக்கிறேன். என்னிடம் இருப்பது ஹோண்டா சி70. 72 சிசி, 6 வோல்ட், பாய்ண்ட் (பிளக்கில் பொறி விழ மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் சின்னத் தொடுமுனை) வைத்த பழைய வகை. மலேசியாவில் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்வந்த வண்டி, அப்புறம் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வீட்டுப் பின்புறம் பல வருஷம் சும்மா கிடந்தது. நான் கைவைத்த முதல் பழைய மோட்டார் இதுதான்.

டேங்க்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்து ஜெட் ஓட்டைகளை ஊதி, புது பெட்ரோல் ஊற்றியதும் நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் கோலகங்சார் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைந்து, இரண்டு முறை இருமி, நின்றது. நிழலில் நிறுத்திவைத்தால் மறுபடி ஓடும்.

ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) கேட்டால் ஆளுக்கொரு பதில். பேட்டரியை மாற்று என்றார் ஒருவர். இந்த வகை சி70-இல் பிளக்குக்கான மின்சாரம் பிளைவீல் மேக்னெட்டில் (இன்ஜினோடு சுழலும் காந்தச் சக்கரம்) இருந்தே வருகிறது, பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் இன்ஜின் ஓடும். அதனால் அந்த யோசனையை ஒதுக்கினேன். ஒரு பட்டறையில் சிலிண்டரைப் போர் அடிக்க வேண்டும், அதாவது தேய்ந்த உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்றார்கள். காரணம் தெரியாமல் இன்ஜினைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பெரியவர் இருக்கிறார், தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக வேலை பார்த்தவர். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. "நீ வீட்டுக்குத் தள்ளிக்கிட்டு வர்றதுக்குள்ள அது ஆறிடும் தம்பி, அப்புறம் எதைப் பார்ப்ப? நின்ன இடத்துலயே பாரு" என்றார். எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

பிளக் ஸ்பேனரும் ஒரு புது பிளக்கும் பையில் போட்டுக்கொண்டு லிந்தாங் சாலையில் வேண்டுமென்றே ஓட்டினேன். செம்பனைத் தோட்டத்து ஓரமாக நின்றது. முதலில் சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது, திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுக்கும். இழுக்கவில்லை. அடுத்து கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினேன். கெட்டியாகத் தடுத்தது, ஆக கம்ப்ரஷன் இருக்கிறது. போர் அடிக்கிற பேச்சு அங்கேயே முடிந்தது.

பிறகு பிளக்கைக் கழற்றினேன். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும். நனைந்திருக்கிறது, எரியவில்லை என்றால் சந்தேகம் பொறியின் மேல்தான். புது பிளக்கை வயர் மூடியில் செருகி, அதன் இரும்புப் பாகம் இன்ஜினைத் தொடும்படி வைத்து உதைத்தேன். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே வையுங்கள், உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும். நல்ல பொறி நீலமாக, 'டக்' என்ற சத்தத்தோடு விழும். எனக்குத் தெரிந்தது மெல்லிய மஞ்சள் பொறி, அதுவும் விட்டு விட்டு.

அன்று ராத்திரி இடது பக்க மூடியைக் கழற்றிவிட்டு, விளக்கை அணைத்து இன்ஜினை ஓடவிட்டேன். பிளைவீல் துவாரம் வழியாகப் பாய்ண்ட் தெரியும். முதலில் அமைதியாக இருந்தது. சூடேற ஏற, பாய்ண்ட் முனையில் வெள்ளை வெள்ளையாகப் பொறி பறக்க ஆரம்பித்தது. கண்டென்சர்தான்! பாய்ண்ட் திறக்கும் நேரத்தில் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் தாங்கிக்கொள்வது அதன் வேலை. அப்படித் தாங்கினால்தான் காயிலில் (பிளக்குக்குப் பலமான மின்சாரம் தரும் கம்பிச்சுருள்) மின்சாரம் சட்டென்று அறுந்து, பிளக்கில் பலமான பொறி விழும். பழசாகிப்போன கண்டென்சருக்கு உள்ளே இருக்கும் காப்பு சூட்டில் கசியும், ஆறினால் மறுபடி பிடிக்கும். இந்தக் கண்ணாமூச்சி விளையாட்டுதான் எல்லாரையும் கார்புரேட்டர் பக்கம் அனுப்பிவிடுகிறது.

கண்டென்சரை மட்டும் மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. ஒரே நேரத்தில் நாலு சாமானை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. சூட்டில் நிற்கும் கோளாறு தீர்ந்தது உறுதியான பிறகே கருகிப்போன பாய்ண்டைத் தேய்த்து, இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைத்தேன். கணக்கு 0.3 முதல் 0.4 வரை. பாய்ண்ட் திறக்கத் தொடங்கும் இடம் பிளைவீலின் எஃப் குறியோடு (பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும் குறி) சேருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், இடைவெளி மாறினால் டைமிங்கும் நகரும்.

இதே அறிகுறி என் மச்சானின் சி70-க்கும் வந்தது, ஆனால் அங்கே பொறி நீலமாக இருந்தது. நின்ற இடத்தில் கிக்கர் மட்டும் தடுக்காமல் லேசாகப் போனது, ஆக கம்ப்ரஷன் இல்லை. வால்வு இடைவெளி இறுகிப்போய், சூட்டில் வால்வு முழுதாக மூடவில்லை. ஆறின இன்ஜினில் இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர் வைத்ததும் சரியாகிவிட்டது.

கடையில் பல வருஷம் கிடந்த கண்டென்சரும் கெட்டிருக்கலாம் என்பதால், புதுசு போட்டாலும் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடியை மாட்டுங்கள். கார் கண்டென்சரை பிளைவீல் சூட்டுக்கு வெளியே மாட்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், எத்தனை காலம் தாங்குகிறது, எந்த இடத்தில் மாட்டினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து அதைத்தான் செய்யலாம் என்று இருக்கிறேன்.