சிப்பர் மிஷின் கொட்டேஷன்: அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

எல்லாருக்கும் வணக்கம்,

தென்னை மட்டை, கட்டையெல்லாம் வெட்டித் தூளாக்குற சிப்பர் மிஷின் நம்ம சங்கத்துக்கு வாங்க, தோஹாவுல இருக்கற அண்ணன் அனுப்புன கொட்டேஷன் பாத்தேன். வேலைக்கு நடுவுல போன்லயே நாலு டீலர்கிட்ட பேசி வாங்கிருக்காங்க, பெரிய விஷயம். ஆனா அந்தப் பெரிய மிஷினுக்கு இப்ப பணம் போட வேணாம்.

அதுல 45 எச்பி டிராக்டர் வேணும்னு போட்டிருக்கு, நம்ம சங்கத்து வண்டி 39. ஆறு எச்பி தான கொறையுது, இழுத்துரும்னு மாமா எழுதிருந்தீங்க. அந்த 39 இன்ஜின் எச்பி மாமா. பின்னாடி பிடிஓவுக்கு, அதான் மிஷின ஓட்டுற அந்தச் சுத்துற தண்டுக்கு, வர்றதுக்குள்ள கியர்லயே கொஞ்சம் போயிரும், 85 சதவீதம்னு வச்சாலும் 33 தான் நிக்கும், அதுவும் வண்டி புதுசா இருந்தா. நம்ம வண்டி எத்தன வருஷமா ஒழவு ஓட்டுது. அவங்க கேக்குற 45 இன்ஜின் எச்பியா பிடிஓ எச்பியான்னு வேற கேக்கணும், பிடிஓன்னா இன்னும் மோசம்.

எச்பி பத்தலன்னா மெதுவா வெட்டும், அவ்வளவு தானன்னு தோணும். அப்படி இல்ல. சிப்பர்ல வெட்டுறது அந்தக் கனமான வீலோட வேகம் தான், பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுத்துல இருக்கணும், கட்டை உள்ள போனதும் 400க்கு எறங்கிருச்சுன்னா வீல்ல இருக்கற சக்தி கிட்டத்தட்ட பாதியாயிரும், ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல கொறையும். அப்ப பிளேடு வெட்டாது, நாரக் கிழிக்கும், நார் சுத்திக்கிட்டு அடைச்சிக்கும், ஆள் எடுத்து விடலாம்னு கைய உள்ள விடுவான். எனக்குப் பயமே அங்க தான். டீசல் மிச்சம்னு ஆக்சிலேட்டரக் கொறச்சு ஓட்டுனாலும் இதே கதி தான்.

இன்னொன்னு, நமக்கு என்ன வெட்டணும்? 2018ல கஜா புயல்ல விழுந்த மரமெல்லாம் எப்பவோ போயாச்சு. இப்ப மட்டை தான். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு வருஷம் சுமாரா 12 மட்டை, ஆக 840 மட்டை ஒரு ஏக்கருல மட்டும் விழுது, பாதிய எரிக்கிறோம். தூளாக்கி மரத்தடில போட்டா ஈரம் நிக்கும். ஆறு இஞ்ச் கட்டை வெட்டுற பவர் இதுக்குத் தேவையே இல்ல, ஆனா மட்டையோட அடிப்பக்கம் நல்லா அகலமா இருக்கும், அது நொழையுற அளவுக்கு வாய் அகலமா இருக்கணும். கொட்டேஷன்ல தடிமன் மட்டும் போட்டிருக்கு, வாய் அகலம் போடவே இல்ல! மட்டைக்குன்னே சுத்தியல் பிளேடு வச்ச மிஷின் வருது, அதுல 30, 35 எச்பிக்கு உள்ளதா விசாரிங்க அண்ணே. ரொம்ப சின்னதும் வேணாம், அடைச்சா டிராக்டர் நிக்காது, மிஷின முறிச்சிரும். ஷியர் போல்ட், அதான் அடைச்சா தான் மட்டும் ஒடைஞ்சு மிஷினக் காப்பாத்துற போல்ட், இருக்கான்னும் கேளுங்க.

டிராக்டர்ல இருந்து மிஷினுக்குச் சுத்திக்கிட்டு வர்ற ஷாஃப்டுக்கு மூடி கண்டிப்பா வேணும், கைலி கட்டிக்கிட்டு யாரும் பக்கத்துல போகக் கூடாது, இத ஊர்ல இருக்கறவங்க கட்டாயமா பாத்துக்கங்க.

நம்ம வண்டியையே எடுத்துட்டுப் போயி, நம்ம தோப்பு மட்டை ஒரு லோடு பச்சையும் காய்ஞ்சதும் கலந்து ஏத்திக்கிட்டு, டீலர் எடத்துலயே அரை மணி நேரம் ஓட்டிப் பாக்கட்டும். ஓடுச்சுன்னா சொல்லுங்க, சிங்கப்பூர்ல இருக்கற எங்க பங்குப் பணம் அன்னைக்கே வந்துரும்.

வடக்குத் தெரு தம்பி