லேக்கன்ஹீத் போகிறேன், எங்கே நிற்கலாம்?
இங்கிலாந்தின் சஃபோக்கில் உள்ள லேக்கன்ஹீத் விமானப்படைத் தளத்துக்கு, போர் விமானங்களைப் படம் எடுக்க முதல்முறையாகப் போகிறேன். சனி, ஞாயிறில் அங்கே பெரும்பாலும் பறப்பதில்லை என்பதால் செவ்வாய்க்கிழமை லீவு போட்டாயிற்று. எஃப்-35 போர் விமானம் கிடைத்தால் சந்தோஷம். ஆனால் இரட்டை எஞ்சின் எஃப்-15இ கிளம்பும்போது வால் பக்கம் இரட்டைத் தீநாக்கு நீளுமே, அதுதான் எனக்கு முக்கியம். கையில் இருப்பது 100-400 லென்ஸ்.

மேற்குக் காற்று என்றால் ஓடுபாதை 24, அதாவது தென்மேற்கு நோக்கிக் கிளம்புவார்கள், சரி. அப்போது வேலிக்கு வெளியே எந்தப் பக்கம் நின்றால் வெயில் முதுகில் விழும்? நேரம் ஆக ஆக கான்கிரீட்டிலிருந்து எழும் கானல் படத்தைக் குழப்பிவிடும், காலையிலேயே முடித்துவிடலாமா? அப்புறம், சின்ன ஏணி கொண்டுபோனால் காவலர்கள் ஏதும் சொல்வார்களா? பொதுச் சாலையிலிருந்து எடுக்கலாம் என்று தெரியும். ஆனாலும் ஊரில் விமானப்படைத் தளம் பக்கம் கேமராவை வெளியே எடுக்கவே பயப்படுகிற ஆள் நான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.